ஊதி ஒத்திய கண்

குப்புறப் படுத்திருக்கும் என் மகனுக்கு, வார்டுக்கு வெளியே மர வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் உம்மாவின் ஸலாம். இதை நீ வாசிக்கப்போவதில்லை, கேட்கப்போகிறாய். ஒரு கண் எழுத்தின் மேல் ஓடினால் மற்றக் கண்ணும் கூடவே ஓடுமாம், அதனால் நல்ல கண்ணாலும் இப்போதைக்கு வாசிக்க வேண்டாம் என்று டொக்டர் மிஸ் சொல்லியிருக்கிறார். ஆகவே வாசிக்க ஒரு ஆளை உள்ளே அனுப்பியிருக்கிறேன். குரல் யாருடையது என்று இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். உனக்கு நிக்காஹ் செய்த ஸஜ்னாதான். அவளுடைய கூடப்பிறந்த நானா காலையிலேயே பஸ் ஏற்றிக் கூட்டி வந்தார். முகத்தை அங்கால் திருப்பாதே. திருப்பவும் உன்னால் முடியாது, முகம் கீழேயே இருக்கவேண்டும் என்பது டொக்டரின் உத்தரவு. அல்ஹம்துலில்லாஹ், உன் பிடிவாதத்துக்கு ஒருவராவது கடிவாளம் போட்டாரே! இந்தத் தாள் முடியும்வரை நீ கேட்டே ஆகவேண்டும்.

ஏன் வாயால் சொல்லவில்லை என்று நினைப்பாய். வாயைத் திறந்தேன்தானே, எத்தனை தரம். "உம்மா, அந்தக் கதைய விடுங்க" என்று ஒரே வெட்டாக வெட்டினாய். முந்தாநாள் தலையணைக்குள்ளிருந்து நீ சொன்னது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. "அந்தப் பிள்ளைய விட்டுருங்க உம்மா. ஒத்தக் கண்ணோட நான் அவங்கட வீட்டுக்குப் போய் இருக்கமாட்டேன். கல்யாணச் சாப்பாட்டுக்கு முந்தியே சொல்லிருங்க, அவங்க வேற இடம் பாக்கட்டும்." சொல்லிவிட்டுப் பெரிய தியாகி மாதிரி ஒரு பெருமூச்சும் விட்டாய். காவின் பதிவு எழுதி, நிக்காஹ் முடிந்து, நீ அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டிய நாள் மட்டும் மிச்சமிருக்கும்போது, கட்டிய பெண்ணை விட்டுவிடுவதைப் பற்றித் தலையணையோடு கதைக்கிறாய். அந்தச் செய்தியைக் கொண்டுபோக நான் என்ன தபால்காரியா? வந்த கோபத்தில் உன் முதுகில் ஒன்று வைக்கத்தான் கை போனது. ஒப்பரேஷன் செய்த கண் ஆடிப்போகும் என்று கையை மடித்து வைத்துக்கொண்டேன். எழுதும்போது எனக்குக் கோபம் கொஞ்சம் மெதுவாக வரும், அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே கொழும்பில் மத்தியானங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. நீண்ட விறாந்தை, மருந்து மணம், ஒரு கண்ணில் மூடி ஒட்டிய ஆட்கள் சுவரைத் தடவிக்கொண்டு மெதுவாக நடக்கிறார்கள். யாரும் உரத்துக் கதைப்பதில்லை. நான் வாங்கில் இருந்தபடியே பாதித் தூக்கத்தில் ஊருக்குப் போய்ப் போய் வருகிறேன். உப்பளத்துப் பாத்திகளில் வெயில் படுத்திருக்கிறது. நுரைச்சோலை மின்நிலையப் புகைபோக்கிக்கு மேலே புகை அசையாமல் நிற்கிறது. கற்பிட்டிக் களப்பில் நீ சின்னப் பிள்ளையாகத் தோணி விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு தண்ணீருக்கு அடியில் எதையோ தேடுகிறாய். "மகன், விழப்போறாய்" என்று நான் கூப்பிடுகிறேன், நீ திரும்புவதில்லை. கண் விழித்தால் நீ உள்ளே அதே மாதிரித்தான் படுத்திருக்கிறாய், கீழே சிமெந்துத் தரைதான் இருக்கிறது. உன் கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழி விட்டிருக்கிறார்களாம். உள்ளே காயப்பட்ட இடத்தை அது பின்பக்கமாகத் தாங்கிப் பிடிக்கவேண்டும், அதற்குத்தான் இந்தக் குப்புறப் படுக்கை. நாள் போகப் போகக் குமிழி சுருங்கும்போது, பார்வைக்குள் தண்ணீர் மட்டம் மாதிரி ஒரு கோடு ஆடும், பயப்படவேண்டாம் என்று டொக்டர் மிஸ் சொன்னார். குமிழி கரையும்வரை மலைப்பக்கம் ஏறக் கூடாதாம், உயரத்தில் அது வீங்கிவிடுமாம். நீ நுவரெலியாவுக்குப் போக வேன் பேசி வைத்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை என்று நினைக்காதே.

நடந்ததை நான் முதலிலிருந்து சொல்லப்போகிறேன். உனக்கு ஒரு பங்கு தெரியும், ஸஜ்னாவுக்கு ஒரு பங்கு தெரியும், மற்றப் பங்கை இரண்டு பேருமே கேட்கவில்லை. அன்றைக்கு நீ கற்பிட்டிக் கரையில் ஒரு போட் எஞ்சினைத் திருத்திக்கொண்டிருந்தாய். துருவேறி இறுகிப்போன ஒரு போல்ட் கழரவில்லை என்று உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தாய். கண்ணில் டிக் என்று ஏதோ பட்டது. பெரிதாக நோகவில்லை, கொஞ்சம் கண்ணீர் வடிந்தது. தூசி என்று கசக்கிவிட்டு மறுபடியும் அடித்தாய். கண்ணுக்குப் போடுகிற பிளாஸ்டிக் கண்ணாடி எங்கே இருந்தது? கொட்டிலில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. "போட்டா மூக்கு வேர்க்குது உம்மா" என்று நீ சொல்லும் நியாயத்தை டொக்டர் மிஸ்ஸிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அங்கேயிருந்து நீ போனது ஸஜ்னாவின் வீட்டுக்கு, மத்தியானச் சாப்பாட்டுக்கு. காவின் எழுதிய பிறகும் நீங்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்து நாலு வார்த்தை கதைத்ததில்லை என்று அவளுடைய உம்மா என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நீ ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருக்க, "கண்ணில என்ன?" என்று அவள் கேட்டாள். "ஏதோ தூசி" என்றாய். பிறகு அவள் செய்ததை நம்முடைய பக்கத்தில் எந்த வீட்டிலும் யாரும் யாருக்கும் செய்வார்கள். துணித் தலைப்பைப் பந்தாகச் சுருட்டி, வாயில் வைத்து ஊதி, அந்தச் சூடு ஆறுவதற்குள் கண்ணில் வைத்து அமத்தி ஒத்துவது. என் உம்மா எனக்குச் செய்திருக்கிறார், நான் உனக்குச் செய்திருக்கிறேன். கண்ணில் அடிபட்டாலும் தூசி விழுந்தாலும் சும்மா அழுதாலும் அதுதான் வைத்தியம். ஸஜ்னா தலையில் போட்டிருந்த ஷோலின் தலைப்பைச் சுருட்டினாள், ஊதினாள், உன் கண்ணில் வைத்து அமத்தினாள். திரும்பவும் ஊதினாள். அவளுடைய கை உன் முகத்தில் பட்டது அன்றைக்குத்தான் முதல் தரம். குசினி அடுப்படியில் அவளுடைய தங்கைமார் சிரித்தது உனக்குக் கேட்டதோ என்னவோ. ஸஜ்னா மகள், இந்த இடத்தில் நீ தாளை மடிக்கப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். நிறுத்தாதே, வாசி. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

அன்று பின்னேரம் தில்லையடியில் நம் வீட்டுப் படியேறிய உன் முகத்தை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண் சிவந்திருந்தது, முகமோ பெருநாள் முகம். "கண்ணில என்ன மகன்?" என்று கேட்டேன். "ஒண்டும் இல்ல உம்மா. தூசி. அவ ஊதி விட்டா, சுகமாயிட்டு." நானும் சிரித்துக்கொண்டு போய் அடுப்பைப் பார்த்தேன். ஒரு இரும்புத் துண்டு கண்ணுக்குள் போய் உட்கார்ந்திருக்க, ஒரு பெண் ஊதிய சூட்டில் எல்லாம் சுகமாகிவிட்டது என்று நீ நம்பினாய். அடுத்த நாளும் வேலைக்குப் போனாய். அந்தக் கண்ணில் புகைமூட்டம் மாதிரி இருப்பது உனக்குத் தெரிந்துதான் இருந்தது, ஆனால் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் அவள் ஊதியது பலிக்கவில்லை என்று ஆகிவிடுமே! என் பிள்ளையின் பைத்தியக்காரத்தனத்தை நினைத்து நான் இங்கே தனியே இருந்து சிரித்தும் இருக்கிறேன், அழுதும் இருக்கிறேன்.

அதற்கு அடுத்த காலையில் கண் இரத்தமாகச் சிவந்து, திறக்க ஏலாமல், கட்டிலில் உட்கார்ந்திருந்தாய். நான் ஜக்கில் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே கண் வைத்தியம் தண்ணீர்தான். அது உன் ஐந்து வயதில் படித்த பாடம். பக்கத்து வீட்டு வெற்றிலைத் தட்டில் இருந்த சுண்ணாம்பு டப்பியை நீ அமத்தித் திறக்கப்போய், ஈரச் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தது. நீ போட்ட கூக்குரலில் தெருவே கூடிவிட்டது. ஒருத்தி தேங்காயெண்ணெய் விடு என்றாள், ஒருத்தி தாய்ப்பால் பீச்சு என்றாள், இன்னொருத்தி சுருமாக் குப்பியோடு வந்தாள். உன் வாப்பா ஒருவரையும் கிட்ட விடவில்லை. உன்னைத் தூக்கிப் போய்க் குழாயடியில் சாய்த்து, இமையை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு, தண்ணீர், தண்ணீர், தண்ணீர். நீ அவருடைய கையைக் கடித்தாய். "கடி மகன், நல்லாக் கடி, கண்ண மட்டும் மூடாத" என்று சொல்லிக்கொண்டே பிடித்திருந்தார். ஆஸ்பத்திரியிலும் முதலில் அதையேதான் செய்தார்கள், போத்தல் போத்தலாகக் கழுவினார்கள். சுண்ணாம்பு இருக்கும் மட்டும் கண்ணைத் தின்றுகொண்டே போகும், வீட்டிலேயே உடனே கழுவியதுதான் பிள்ளையின் கண்ணைக் காப்பாற்றியது என்றார்கள். அன்றிலிருந்து எனக்குக் கண் என்றால் தண்ணீர்.

அந்தப் பெருமையோடுதான் உன்னை ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தூசி விழுந்தது, கழுவினேன், போகவில்லை என்று ஒப்பித்தேன். அந்த இளம் டொக்டர் கண்ணைத் தொடவே இல்லை. ஒவ்வொரு கண்ணாகப் பொத்தச் சொல்லிச் சுவரில் இருந்த எழுத்துகளை வாசிக்கச் சொன்னார். நல்ல கண் கடைசி வரிவரைக்கும் போனது. பட்ட கண்ணுக்கு முதல் எழுத்தே இல்லை, அவர் கையை ஆட்டினால் ஏதோ ஆடுவது மட்டும் தெரிந்தது. அப்போதுதான் கேட்டார்: "கண்ணில படக்குள்ள என்ன செஞ்சுகொண்டு இருந்தீங்க?" எஞ்சின் வேலை என்றாய். "சுத்தியலால அடிச்சீங்களா? இரும்புக்கு மேல இரும்பா?" "ஓம்" என்றாய். அந்த ஒரு ஓம் விழுந்ததும் அறையில் எல்லாம் கனவில் நடப்பது மாதிரி மெதுவாகிவிட்டது எனக்கு. வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கண்மணி வட்டமாக இல்லை, ஒரு பக்கம் சொட்டு மாதிரி இழுபட்டிருந்தது. "இனி இந்தக் கண்ண ஒருத்தரும் தொடப்படாது, கழுவப்படாது, அமத்தப்படாது" என்றார். மிஸ்ஸி, அதுதான் அங்கே நின்ற தாதி, ஒரு கடதாசிக் கோப்பையின் அடியை வெட்டி, விளிம்பு எலும்பில் மட்டும் ஊன்றும்படி கண்ணுக்கு மேலே கவிழ்த்து ஒட்டினார். இரும்புக் காயத்துக்கு ஏற்பு ஊசி போட்டார்கள். எக்ஸ்ரே படத்தில் கண்குழிக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு தெரிந்தது. ஒப்பரேஷனுக்கு வெறும் வயிறு வேண்டுமாம். "காலையில என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டபோது, "பாணும் பருப்பும், ரெண்டு கோப்ப பிளேன்டியும் குடுத்தேன்" என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன், டொக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அம்புலன்ஸில் கொழும்புக்கு வரும் வழியெல்லாம் தென்னந்தோப்புகள் ஓடிக்கொண்டே இருந்தன, நான் உன் கையைப் பிடித்தபடி அந்தக் கடதாசிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்ணாம்பு பட்டால் ஒரு கேள்வியும் கேட்காமல் கழுவவேண்டும். குத்திக்கொண்டு உள்ளே போனது என்றால் ஒரு சொட்டும் விடாமல், ஒன்றும் முட்டாமல் மூடிக்கொண்டு ஓடவேண்டும். ஒரே கண்தான், ஒரு காயத்தில் காப்பாற்றும் வைத்தியம் மற்றக் காயத்தில் கெடுத்துவிடும். கண்ணில் என்ன பட்டது என்று நான் உன்னிடம் கேட்டேன்தான், ஆனால் எப்படிப் பட்டது என்று கேட்கவில்லை. நீ குடும்பம் நடத்தப்போகிறவன், இதை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொள். வீட்டில் ஒரு முகம் வாடியிருந்தால், ஊதவும் வேண்டாம், கழுவவும் வேண்டாம், முதலில் பக்கத்தில் உட்கார்ந்து என்ன நடந்தது என்று கேள்.

நீ கேட்காத பங்கை இப்போது சொல்கிறேன். உன்னை ஒப்பரேஷனுக்குக் கொண்டுபோன நேரம் ஸஜ்னா எனக்குப் போன் எடுத்தாள். "மாமி, நான் அமத்தினதாலயா?" அவ்வளவுதான் கேட்டாள். பட்ட கண்ணை அமத்தக் கூடாது என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அந்த ஷோலைக் கழுவி அலுமாரிக்கு அடியில் போட்டுவிட்டாள் என்று அவளுடைய உம்மா சொன்னார். நீயோ அவளுடைய போனை எடுப்பதில்லை, வரவேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினாய். "அவங்க என்னக் குத்தம் புடிச்சிட்டாங்க மாமி. அவங்க செய்யிறது சரிதானே" என்று நேற்று என்னிடம் சொன்னாள். விளங்குதா மகன்? அவளை ஒரு குருடனிடமிருந்து காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நீ வாயை மூடினாய். உன் கண்ணைக் கெடுத்ததற்குத் தண்டனை என்று அவள் அதை எடுத்துக்கொண்டாள்.

அவள் சொன்னதைக் கேட்டதும் நேரே டொக்டர் மிஸ்ஸிடம் போனேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஊதியது, அமத்தியது எல்லாவற்றையும் கையால் செய்தே காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. தன் அம்மாவும் அப்படித்தான் செய்வார் என்றார். பிறகு உன் கண்ணிலிருந்து எடுத்த துண்டைச் சின்னக் குப்பியில் வைத்துக் காட்டினார். கடுகிலும் சின்னது மகன்! சுத்தியல் விழுந்த அந்த நொடியிலேயே அது கருவிழியைத் துளைத்து, உள்ளே இருக்கும் வில்லையையும் கிழித்துக்கொண்டு பின்சுவரில் போய்த் தைத்துவிட்டது. காயம் பட்ட கண்ணை அமத்துவது பிழைதான், சில கண்ணில் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும், இனி ஒருநாளும் செய்யவேண்டாம் என்றார். உன் கண்ணில் அப்படி ஒன்றும் வெளியே வரவில்லை, துளை சின்னதாக இருந்து தானாகவே ஒட்டியிருந்தது. "இது அமத்தியதால் வந்த காயம் இல்லை, அந்தப் பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்" என்றார். கெடுத்தது இரும்பும், அது உள்ளே கிடந்த நாளும்தான். இரும்பு கண்ணுக்குள் கிடந்தால் துருப்பிடித்துக் கண்ணையே நஞ்சாக்கிவிடுமாம். கடற்கரையில் எஞ்சின் திருத்துகிற உனக்குத் துருவைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. மகள், டொக்டர் சொன்னதை இன்னொரு தரம் வாசி, இந்தத் தரம் உனக்காக.

பார்வை எவ்வளவு திரும்பும் என்று அவரால் இப்போது சொல்ல முடியாது. வெளிச்சம் தெரிகிறது, அது நல்லது, மற்றது அல்லாஹ் விட்ட வழி. திரும்பாமலும் போகலாம், உன்னிடம் நான் அதை ஒளிக்கமாட்டேன். ஒற்றைக் கண்ணால் ஆட்கள் வாழ்வதில்லையா? உன் வாப்பாவைக் கேள். இந்தச் செய்தி கேட்ட நாளிலிருந்து அவர் மேசையில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பிளேன்டி ஊற்றிப் பார்க்கிறாராம். முதலில் எல்லாம் கோப்பைக்கு வெளியே ஊற்றி, மேசைத் துணியெல்லாம் நாசம். நேற்று போனில் சொன்னார்: "ஜக்கிட வாயக் கோப்ப விளிம்பில தொட்டுட்டு ஊத்தினா சரியா வருது. மகனுக்குச் சொல்லு." அதோடு போனை வைத்துவிட்டார். ஸஜ்னாவின் வாப்பா வெங்காயத் தோட்டத்து மண் காலோடு நம் வீட்டுக்கு வந்து, "நாங்க காவின் எழுதினது ஆளுக்கு, கண்ணுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாராம். இன்னொன்றும் கேள். ஒரு கண்ணில் காயம் பட்டால், மாதங்கள் கழித்து நல்ல கண்ணுக்கும் நோவு வரலாமாம். அது அபூர்வம்தான், ஆனால் வெளிச்சம் கூசினாலோ மங்கினாலோ அன்றைக்கே ஓடி வரவேண்டும். நீ ஒளிக்கிற ஆள். உன் முகத்தைப் பார்த்து, "என்ன ஒளிக்கிறீங்க?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும், நான் எத்தனை நாளைக்கு இருப்பேன்?

இனி வாசிக்க அதிகம் இல்லை. மருந்து விடும் நேரம் வருகிறது. சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் மட்டும் நீ முகத்தைத் தூக்கலாம். வீட்டுக்குப் போனால் வீட்டு ஆட்கள்தான் விடவேண்டும், இப்போதே பழகிக்கொள்ளுங்கள் என்று இந்த வார்டு மிஸ்ஸி சொன்னார். ஸஜ்னா பழகிவிட்டாள். எங்கே பழகினாள் தெரியுமா? இந்த வாங்கில், என் கண்ணில். மிஸ்ஸி சுத்தமான தண்ணீர் உள்ள ஒரு குட்டிப் போத்தலைத் தந்தார். மேல் இமையைத் தொடாமல், விரலைக் கன்னத்து எலும்பில் ஊன்றி, கீழ் இமையை மெல்ல இழுத்து, போத்தலின் வாய் கண்ணில் முட்டாமல் ஒரே ஒரு சொட்டு. முதலில் அவளுடைய கை நடுங்கின நடுக்கத்தில் என் மூக்கு நனைந்தது, கன்னம் நனைந்தது, காதுக்குள்ளும் போனது. போகிற வருகிற ஆட்கள் நான் அழுகிறேன் என்று நினைத்தார்கள். ஒரு சிங்களப் பெண் வந்து என் தோளைத் தடவிவிட்டுப் போனார். அழுததும் உண்மைதான், ஆனால் பாதி அந்தப் போத்தல் தண்ணீர். கடைசியில் அவளுடைய கை நடுங்கவில்லை.

இவ்வளவு நேரமும் நீ அவளுடைய காற்செருப்பை மட்டும் பார்த்திருப்பாய். விட்டுவிடத்தான் வேண்டும் என்றால், தலையணையிடம் சொல்லாதே, என்னிடமும் சொல்லி அனுப்பாதே. முகத்தைத் தூக்கி, அவளுடைய முகத்தைப் பார்த்து நீயே சொல்லு. மிஸ்ஸி வந்து மருந்து விடுவார், ஸஜ்னா இந்தத் தாளை மடித்துக்கொண்டு வெளியே வருவாள், நான் ஒன்றும் கேட்காமல் அவளோடு பஸ் ஏறுவேன். இல்லையென்றால் அந்தக் கண்ணை அவளுடைய கையில் கொடு. நான் கதவுக்கு வெளியேதான் இருக்கிறேன், எட்டிப் பார்க்கமாட்டேன். பார்த்தாலும் ஒரு தரம்தான்.

மகள், தாளைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வா. கண்ணில் இருக்கும் மூடியை மெல்லக் கழற்று. அமத்தாதே.

மகன், முகத்தைத் தூக்கு. மேலே பார்.